காயல் துறையின் குதிரைகளும் கறவை மாட்டின் காப்பீடும்

தாமிரபருணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகில், இன்று பழையகாயல் என்று வழங்கும் சிற்றூரை ஒட்டி, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னே பெருந்துறைமுகம் ஒன்று இருந்தது என்பதையும், ஹோர்முஸிலிருந்தும் கிஷ் தீவிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த மரக்கலங்கள் அங்கே நங்கூரம் பாய்ச்சி அரபுக் குதிரைகளை இறக்கின என்பதையும் சரித்திரம் பயின்றவர்கள் அறிவார்கள். 1881-ல் வெளிவந்த தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் பிஷப் கால்டுவெல் இந்தத் துறையைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். குதிரை வியாபாரம் அங்கே உச்சத்தில் இருந்தபோது அரசு செலுத்தியவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். கிஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் தம் சொந்த லாயத்திலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதென்றும், பாரசீக வளைகுடாவின் மற்றத் துறைகளிலிருந்து இன்னும் 10,000 குதிரைகள் வந்து சேர்வதென்றும், குதிரை ஒன்றுக்குக் கிரயம் 220 செம்பொன் தினார் என்றும் ஏற்பாடாகியிருந்ததாக வஸ்ஸாப் என்னும் பாரசீகச் சரித்திர ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஏற்பாட்டில் ஒரு ஷரத்து உண்டு. கடல் வழியில் குதிரை ஊனப்பட்டாலும் செத்தாலும் அதன் கிரயத்தைப் பாண்டியனுடைய பொக்கிஷமே கொடுத்துவிட வேண்டும் என்பதே அது.

இதைக் குதிரைக் காப்பீடு என்று சொல்வதில் தவறில்லை. பிரீமியம் செலுத்தாமலே வியாபாரி பெற்ற காப்பீடு அது. அதன் பலன் என்னவாயிற்று என்பதை அதே காலத்தில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள், ஆனால் ஆண்டு முடிவதற்குள் நூறு குதிரைகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்று அவர் குறித்திருக்கிறார். குதிரையைப் பேணும் முறையை இந்நாட்டார் அறியாததையும், லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர் இங்கே இல்லாததையும் அதற்குக் காரணமாகக் காட்டும் அவர், அப்படிப்பட்ட வைத்தியர்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே தடுத்து வந்தார்கள் என்றும், குதிரை சாகாவிட்டால் அடுத்த ஆண்டு விற்பனை குறைந்துபோகும் என்பதே அவர்களுடைய அச்சம் என்றும் கூறுகிறார். யாத்திரிகர்களின் தொகைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை; சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாஸ்திரங்கள் வழங்கிய பாரத தேசத்தில் குதிரை வைத்தியமே தெரியாதிருந்தது என்பதும் மிகைக் கூற்றாகவே இருக்க வேண்டும். ஆயினும் இவ்விரண்டு சாட்சியங்களையும் சேர்த்து வாசித்தால் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது: சாவுக்குப் பணம் கொடுக்கப் பொக்கிஷம் திறந்திருந்தது, சாவைத் தடுப்பதற்குச் செலவிடுவது மட்டும் எவருடைய பொறுப்பிலும் இல்லை.

இப்பழங்கதையை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகக் கடல்வரை நீளும் இப்பள்ளத்தாக்கில் இன்று குடும்பத்தைத் தாங்குகிற பிராணி குதிரை அல்ல, கறவை மாடு. வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைவிக்கும் சிறு விவசாயிக்கு நெல் ஆண்டில் இரண்டு முறை பணம் தருகிறது என்றால், கூட்டுறவுச் சங்கத்துக்குக் காலையும் மாலையும் ஊற்றும் பால்தான் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் மளிகைக் கடைக் கணக்கையும் தீர்க்கிறது. நிலமே இல்லாத குடும்பத்துக்கோ அந்த மாடு ஒன்றே ஆஸ்தி. அதற்கான காப்பீடு, நம் தேசத்தில் பொதுக் காப்பீட்டு ஸ்தாபனங்கள் 1973-ல் சர்க்கார் உடைமையானதற்குப் பிறகு பரவத் தொடங்கி, 2005-06-ல் நூறு மாவட்டங்களில் மத்திய சர்க்காரின் பரீட்சார்த்தத் திட்டமாகி, 2014-15 முதல் தேசியக் கால்நடை இயக்கத்தின் ஓர் அங்கமாக நடந்து வருகிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை செய்த திருத்தத்தின்படி பிரீமியத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை மட்டும் மாட்டுக்காரர் செலுத்தினால் போதும்; மீதியை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பகிர்ந்துகொள்கின்றன. இது நல்ல காரியம்; இதைப் பாராட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

ஆனால் அந்தக் காப்பீட்டுப் பத்திரம் எதற்குப் பணம் கொடுக்கிறது என்று பார்த்தால், காயல் துறையின் ஷரத்து பெயர் மாறி வந்து நிற்பதைக் காணலாம். மாடு செத்தால் பணம் உண்டு. சில பத்திரங்களில், கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால், நிரந்தரமாகப் பயனற்றுப்போன மாட்டுக்கும் உண்டு. நோயுற்ற மாட்டைப் பிழைக்கவைக்கச் செய்த செலவுக்கு ஒரு காசும் இல்லை. அதே பத்திரம், மாடு நோயுற்றவுடன் தகுதிபெற்ற மருத்துவரைக் கொண்டு சிகிச்சை செய்விக்க வேண்டியது உடைமையாளரின் கடமை என்று விதிக்கவும் செய்கிறது. கடமை விவசாயிக்கு, செலவும் விவசாயிக்கு. அவன் தோற்றுப்போன பிறகே காப்பீடு வாசலுக்கு வருகிறது.

இதன் விளைவைக் கிராமங்களில் பார்க்கலாம். மூன்றாம் ஈத்து, நான்காம் ஈத்து என்று பால் பெருகும் பருவத்தில் கன்று போட்ட மாடு, இரண்டொரு நாளில் பால் காய்ச்சல் கண்டு எழ மாட்டாமல் படுத்துவிடுகிறது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைவதே காரணம். மருத்துவர் உரிய நேரத்தில் வந்து கால்சியத்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றினால் அநேகமாக அன்றைக்கே மாடு எழுந்து நிற்கும்; வராவிட்டால் ஒரு நாளில் உயிர் போகும். மடிநோயும் அப்படித்தான். முதல் நாளே கவனித்தால் சில ஊசிகளோடு தீர்வது, நாலைந்து நாள் நாட்டு மருந்து தடவிப் பார்த்துக் கழித்தால் ஒரு காம்பையோ முழு மடியையோ கொண்டுபோய்விடும். சர்க்கார் கால்நடை மருந்தகங்களில் சிகிச்சை இலவசம் என்பதும், 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் ஊர்தி வரும் என்பதும் உண்மையே. ஆனால் மாடுகள் கன்று போடுவதும் விழுவதும் மருந்தக நேரத்தைப் பார்த்து அல்ல. இரவில் தனியார் மருத்துவரை அழைத்து, மருந்தை வெளிக்கடையில் வாங்கிக் கொடுக்கும் நிலை வரும்போது, கையில் பணமில்லாத குடும்பம் விடியட்டும் என்று காத்திருக்கிறது. ஒரு பாட்டில் கால்சியத்துக்கு உதவாத பத்திரம், மறுநாள் அந்த மாட்டின் முழு மதிப்பையும் கொடுக்க ஆயத்தமாகிறது. இதில் நஷ்டம் அடைவது விவசாயி மட்டுமல்ல, காப்பீட்டு ஸ்தாபனமுந்தான்.

அந்த நஷ்டம் திரும்ப எங்கே வந்து விழுகிறது என்பதே அடுத்த விஷயம். ஓர் ஆண்டில் வசூலான பிரீமியத்துக்கும் கொடுத்த நஷ்ட ஈட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துத்தான் மறு ஆண்டு வீதத்தைக் கம்பெனிகள் கேட்கும். எந்தக் காப்பீட்டிலும் கணக்கு இதுவே. க்ளைம் மிகுந்த வட்டாரத்துக்கு வீதம் ஏறும். உதாரணத்துக்கு, 60,000 ரூபாய் மதிப்புள்ள மாட்டுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் 1,800 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். அது நூற்றுக்கு ஐந்தானால் 3,000. மானியம் கிடைப்பவருக்கு 270 ரூபாய் 450 ஆகிறது. மானிய ஒதுக்கீடு தீர்ந்தபின் வருகிறவர் ஏற்றம் முழுவதையும் தாமே தாங்குகிறார். இங்கே பயிர்க் காப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிருக்கு விவசாயியின் பங்கு, காப்பீடு செய்த தொகையில் காரீப் பருவத்தில் நூற்றுக்கு இரண்டு, ராபியில் ஒன்றரை என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. கம்பெனி கேட்கும் வீதம் எவ்வளவு ஏறினாலும் அந்த ஏற்றம் சர்க்காரைச் சேருமேயன்றி அவனைச் சேராது. ஒரே விவசாயி, ஒரே வீடு. வயலில் நிற்கும் நெல்லுக்கு ஒரு நியாயமும் தொழுவில் நிற்கும் மாட்டுக்கு வேறொரு நியாயமும் வழங்குவது ஏன் என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

சிகிச்சைச் செலவைக் காப்பீட்டில் சேர்த்தால் பிரீமியம் கட்டுக்கடங்காமல் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மேல்நாட்டுக் குதிரைக் காப்பீட்டைச் சான்று காட்டுவார்கள். அந்தச் சான்றை அலட்சியம் செய்வதற்கில்லை. பிரிட்டனில் குதிரை வளர்ப்பவர்கள் மருத்துவச் செலவுக்கும் சேர்த்தே காப்பீடு செய்கிறார்கள். வயிற்றுவலிக்கு அறுவை சிகிச்சையோ நொண்டலுக்கு நெடுஞ்சிகிச்சையோ செய்து பணம் பெற்றால், புதுப்பிக்கும்போது பிரீமியம் உயர்வதும், பணம் பெற்ற அந்தக் காலோ அந்த நோயோ புதிய பத்திரத்திலிருந்து விலக்கப்படுவதும் சகஜம். ஆகவே சில்லறைச் செலவுகளைச் சொந்தப் பையிலிருந்தே கொடுத்துவிட்டு வாய்திறவாமல் இருக்கப் பலர் பழகுகிறார்கள். ஆரோக்கியமான குதிரையை உடையவர்கள் சிலர் காப்பீட்டையே விட்டுவிடுகிறார்கள். நோய்ப்பட்ட குதிரைகளே பெரும்பாலும் எஞ்சுவதால் பிரீமியம் மறுபடியும் ஏறுகிறது. க்ளைம் செய்தவனைத் தண்டித்தால் காப்பீடு தன்னைத்தானே அரித்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று; சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்ப்பதே தவறு என்பதற்கு அல்ல. ஸ்வீடன் தேசத்தில் 1890-ல் கால்நடைகளுக்கென்றே தோன்றிய அக்ரியா என்னும் ஸ்தாபனம் இன்று குதிரைகளுக்கும் நாய்களுக்கும் சிகிச்சைச் செலவு தருகிறது. பல்லாண்டுகளாகச் சேர்ந்த அதன் க்ளைம் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்து, எந்த இனத்தை எந்த வயதில் எந்த நோய் தாக்குகிறது என்று கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு க்ளைமும் மருத்துவ அறிவுக்கு ஒரு வரவு.

நம் தேசத்திலேயே மற்றொரு முன்மாதிரி இருக்கிறது. மனிதருக்கான மருத்துவக் காப்பீட்டில், தனி ஒருவர் க்ளைம் செய்தார் என்பதற்காகப் புதுப்பிக்கும்போது அவருக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. நோயுற்றது குற்றமல்ல என்பதே அந்த விதியின் உட்பொருள். மனிதனுக்கு ஒப்புக்கொண்ட அந்தத் தர்மத்தை அவனுடைய மாட்டுக்கும் ஒப்புக்கொள்ள என்ன தடை?

கம்பெனிகள் சொல்லும் குறையையும் கேட்கத்தான் வேண்டும். காப்பீடு செய்த மாட்டின் அடையாளமான காதுவில்லையை வேறொரு செத்த மாட்டின் காதுக்கு மாற்றிப் பணம் பெற்ற மோசடிகள் இத்தொழிலில் பழைய செய்தி. காதுவில்லை இல்லையேல் க்ளைம் இல்லை என்ற கடுமையான விதி பிறந்தது அதனால்தான். அந்த விதியால், மேய்ச்சலில் முள்வேலியில் மாட்டி வில்லை அறுந்துபோன நேர்மையான மனிதரும் பணமிழந்து நிற்கிறார் என்பது மறுபக்கம். பன்னிரண்டு இலக்க எண்ணோடு இப்போது மாடுகளுக்குப் பூட்டப்படும் வில்லைகளும், அந்த எண்ணின் கீழ்ச் சேரும் தடுப்பூசி, சினை ஊசி, சிகிச்சைப் பதிவுகளும் ஒழுங்காகப் பேணப்படுமானால் மோசடிக்கு இடம் பெரிதும் குறையும். சிகிச்சை செய்த மருத்துவரே பதிவு செய்ய, சிறு செலவுகளை நேரே தீர்ப்பதும் கைகூடும்.

பிரளயம் போல் வரும் நஷ்டம் வேறு வகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபருணி கரைபுரண்டபோது தொழுவத்தில் கட்டிய கயிற்றோடு மாடுகள் மாண்டன. அத்தகைய துயரத்தின் பாரத்தை சர்க்கார் நிவாரணமே சுமக்க வேண்டும்; அதைக் கணக்கில் ஏற்றி ஆற்றங்கரை ஊர்களுக்குப் பிரீமியத்தை உயர்த்த எந்தக் கம்பெனிக்கும் இடம் கொடுக்கலாகாது.

நெல்லையை அடுத்த இராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிராமம் தோறும் பால் சங்கம் இருக்கிறது. பாலுக்கான பணத்திலிருந்து வாரந்தோறும் சிறு தொகை பிடித்து ஒரு மாவட்டம் முழுவதையும் ஒரே குழுவாகக் காப்பீடு செய்வதற்கு வேண்டிய சாதனங்கள் எல்லாம் கண்முன் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான மாடுகள் ஒரே குழுவில் சேரும்போது ஒரு வீட்டின் துரதிருஷ்டம் அந்த வீட்டின் பிரீமியத்தை ஏற்றுவதற்குக் காரணம் இராது. வருகிற க்ளைம் விவரங்களைக் கல்லூரி பெற்று ஆராய்ந்தால், எந்த வட்டாரத்தில் பால் காய்ச்சல் மிகுதி, எங்கே மடிநோய் மிகுதி என்று தெரிந்து, மருந்தும் மருத்துவரும் அங்கே முன்கூட்டியே போய்ச் சேர முடியும். ஆதலால் கால்நடைக் காப்பீட்டுக்கு அடுத்த முறை கம்பெனிகளிடம் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, பால் காய்ச்சல், மடிநோய், கன்று ஈனும்போது நேரும் இடர் ஆகியவற்றின் சிகிச்சைச் செலவு ஒரு வரம்புக்குள் பத்திரத்தில் அடங்க வேண்டும் என்பதையும், விவசாயியின் பங்கு பயிர்க் காப்பீட்டைப்போல மாட்டின் மதிப்பில் ஒரு நிலையான வீதமாக இருக்க வேண்டும் என்பதையும், க்ளைம் செய்தவர் என்ற காரணத்துக்காக எவருக்கும் தனியே பிரீமியம் உயரக்கூடாது என்பதையும் நிபந்தனைகளாகச் சேர்க்க மாநில சர்க்கார் முன்வர வேண்டும். பால் உற்பத்தியாளர் சங்கங்கள் இந்தக் கோரிக்கையைத் தத்தம் பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும்.