மன அமைதி மாத்திரையை விடுவது எப்படி?

நரம்பு மாத்திரை, டென்ஷன் மாத்திரை, தூக்க மாத்திரை என நம் இல்லங்களில் பலவாறாக வழங்கப்பெறும் சின்னஞ்சிறு மாத்திரைகளைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறோம். டயஸிபாம், அல்பிரஸோலம், லோரஸிபாம், குளோனஸிபாம் என்பன அவற்றின் மருந்துப் பெயர்கள். இவற்றை உட்கொள்ளத் தொடங்குவது எளிது, விடுவதுதான் அரிது. பல மாதங்கள் உட்கொண்டவர் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பதை நம்மில் பலர் அறியார்.

இம்மருந்துக் குடும்பத்தின் முதற்பிள்ளை 'லிப்ரியம்'. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலார் கண்டறிந்த இது 1960-இல் விற்பனைக்கு வந்தது. 1963-இல் 'வேலியம்' எனும் டயஸிபாம் வந்தது. நம் நாட்டில் 1969-இல் ரான்பாக்ஸி நிறுவனம் அதனைக் 'காம்போஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. முதியோர் பலருக்கு அப்பெயர் இன்றும் நினைவிருக்கும். அதற்கு முன் வழக்கிலிருந்த தூக்க மருந்துகள் அளவு மீறினால் உயிரைக் குடிப்பவையாதலால், புதியவற்றை மருத்துவ உலகம் இரு கை நீட்டி வரவேற்றது. உடல் இவற்றுக்குப் பழகிப்போகும் என்ற உண்மை பரவலாக உணரப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

பழகிப்போவதென்றால் என்ன? நம் மூளையில் 'காபா' என்றொரு பொருள் சுரக்கிறது. பதற்றத்தை அடக்கும் பிரேக் அதுவே. மாத்திரை அந்தப் பிரேக்கை மேலும் அழுத்துகிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, மாத்திரையின் அழுத்தத்தை நம்பியே இயங்கத் தொடங்குகிறது. ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டியின் பிரேக்கிலிருந்து ஓட்டுநர் சட்டெனக் காலை எடுத்தால் என்னவாகும்? மாத்திரையைத் திடீரென நிறுத்தும்போதும் அவ்வாறே. தூக்கமின்மை, வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, முன்னிருந்ததினும் மிகுந்த அச்சம் ஆகியன தோன்றும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வரும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குச் செல்லும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். கடன் தொல்லையாலோ, வீட்டில் நேர்ந்த மரணத்தாலோ தூக்கமின்றித் தவித்தவருக்கு மருத்துவர் 15 நாட்களுக்கு மாத்திரை எழுதித் தருகிறார். சீட்டு பழையதாகிறது, மாத்திரை மட்டும் இரண்டாண்டுகள் தொடர்கிறது. பின்னர், 'இது பழக்கமாகிவிடும்' என்று யாரோ சொல்லக் கேட்டு அஞ்சி, ஒரு ஞாயிறன்று நிறுத்திவிடுகிறார். புதன்கிழமைக்குள் நடுக்கமும் அச்சமும் மிகுகின்றன. 'பழைய நோய் திரும்பிவிட்டது, இனி ஆயுள் முழுவதும் இதுதான்' என்று முடிவுகட்டி மீண்டும் மாத்திரையை எடுக்கிறார். திரும்பியது நோய்தான் என்பது நிச்சயமில்லை. மருந்து விலகியதால் வந்த துன்பமாகவே அது பெரும்பாலும் இருக்கும். இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாமையால் ஆண்டுக்கணக்கில் மாத்திரையோடு கட்டுண்டோர் பலர். இவரை 'அடிமை' என்று அழைப்பது அநீதி. மருத்துவர் சொற்படி உண்டவரின் உடல் மருந்துக்குப் பழகியது. அதில் ஒழுக்கக்கேடு எதுவுமில்லை.

இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்னும் பேராசிரியை 1982 முதல் 1994 வரை இத்தகையோருக்கென்றே தனி மருத்துவப் பிரிவு நடத்தினார். மெல்லக் குறைப்பதே வழியென்பது அவர் கண்ட முடிவு. 2025-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே கூறுகிறது: 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதுள்ள அளவில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்துத் தொடங்கலாம், எந்நிலையிலும் இரு வாரங்களில் 25 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கலாகாது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் டயஸிபாம் உண்பவர் முதற்படியில் அரை அல்லது ஒரு மில்லிகிராம் மட்டுமே குறைப்பார். துன்பம் மிகுந்தால் அப்படியிலேயே சில வாரம் நிற்கலாம், அது தோல்வியன்று. பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அல்பிரஸோலம் விரைவில் உடலைவிட்டு நீங்குவது. டயஸிபாம் மெல்ல நீங்குவது. ஆதலால் சிலருக்கு மருத்துவர் முன்னதை மாற்றிப் பின்னதைத் தந்து குறைப்பதுண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது குறைப்பதாகாது, உடலை ஊஞ்சலாட்டுவதேயாகும்.

இக்கணக்கை அறிந்துகொண்டு தாமே பிளேடால் மாத்திரையை நறுக்கத் தொடங்க வேண்டா. வலிப்பு நோய்க்காகக் குளோனஸிபாம் உண்போர், கருவுற்ற தாய்மார், முதியோர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. மாத்திரை விட்ட இடத்தில் மது புகுவது பெருந்தீங்கு. இரண்டையும் சேர்த்து உண்பது மூச்சையே அடக்கிவிடக்கூடும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் சுழலும் டிரம்முக்கும் இயந்திரத்துக்கும் அருகே வேலை செய்வோர், தம் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும். மாத்திரையின் மந்தமும் ஆபத்து, குறைக்கும் நாட்களின் நடுக்கமும் ஆபத்து.

வீட்டாருக்கு ஒரு சொல். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1950-களில் தொடங்கப்பட்டது. நோயாளியுடன் உறவினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறும் முறையை இந்நாட்டில் முன்னெடுத்தவற்றுள் அதுவும் ஒன்று. ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. மருமகளின் மாத்திரையை மாமியார் ஒளித்து வைக்கிறார். கணவர் குப்பையில் எறிகிறார். ஜெபக்கூட்டத்திற்குச் சென்று திரும்பிய உற்சாகத்தில் தாமே எறிந்துவிடுவோரும் உண்டு. விசுவாசத்திற்கும் மருந்துச் சீட்டுக்கும் பகையில்லை. எறிந்தவர் நான்காம் நாள் வலிப்பு வந்து விழுந்தால் பழி எதன்மேல் வரும் என எண்ணிப் பார்க்கட்டும். வீட்டார் செய்யத்தக்கது மிக எளியது: எந்நாளில் எவ்வளவு குறைந்தது, தூக்கம் எப்படியிருந்தது என்று ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுதல். பிற்பகலுக்குமேல் காபி, தேநீரைத் தவிர்ப்பதும் துணைசெய்யும்.

அல்பிரஸோலம், டயஸிபாம் முதலியன 2014 மார்ச் முதல் 'எச்1' பட்டியலில் உள்ளன. சீட்டின்றி விற்கலாகாது, விற்றால் நோயாளி, மருத்துவர் பெயர்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதவேண்டும். தெரிந்த கடை என்பதற்காகச் சீட்டில்லாமல் கேட்டு அவரையும் சங்கடப்படுத்தாதீர்கள்.

தனியார் மருத்துவருக்குச் செலவிட இயலாதோர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். 2022 அக்டோபர் முதல் நடைபெறும் 'டெலி மானஸ்' சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வலிப்போ, இல்லாததைக் காண்பதோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றினால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.