அவளைத் தூங்க விடுங்கள்!

தமிழ்நாட்டில் நர்சு டிப்ளமா படிப்பு 3 ஆண்டு. அதை முடித்த பெண் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகிறாள். மேலும் 2 ஆண்டு படித்தால் பட்டம் கிடைக்கும். அரசாங்க வேலை வேண்டுமா? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சையை எழுத வேண்டும். இரண்டிலும் அவளுக்கு ஆசைதான். நேரம்தான் இல்லை!

இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வீடு திரும்புகிறாள். "பொம்பளைப் பிள்ளைக்குப் பகலில் என்ன தூக்கம்?" என்கிறார்கள். மாவு அரைக்கச் சொல்கிறார்கள். (சம்பளத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்!)

தூக்கம் கெட்டவளுக்குப் புத்தகத்தில் எழுத்து எங்கே தெரியும்? அன்று இரவு ஊசி மருந்தை அளந்து போடுவதும் அதே கண்கள்தானே!

அண்ணன் பரீட்சைக்குப் படித்தபோது டெலிவிஷனையே நிறுத்தினீர்களே! இப்போது மாவை அவன் அரைக்கட்டும். அவள் எழுந்திருக்கும்வரை அந்த அறைக் கதவைத் தட்டாதீர்கள்.