வேலியில் போகும் பச்சோந்தியை வீட்டில் வளர்க்கலாமா?

சத்தியமங்கலம் பக்கத்துக் கிராமங்களில், வேலி ஓரம் விளையாடும் சிறுவர்களின் கண்ணில் சில நேரம் பச்சோந்தி படும். ஆடி ஆடி, அடிமேல் அடி வைத்துக் கிளையில் நடக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

"பிடித்து வளர்க்கலாமே!" என்று ஆசை வரும். அட்டைப் பெட்டியில் நாலு துளை போட்டு, கொஞ்சம் இலையும் இரண்டு ஈயும் போட்டால் போதும் என்று நினைப்பார்கள்.

போதாது!

கிண்ணத்துத் தண்ணீர் உதவாது

பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடித்துப் பழகியது அல்ல. இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிக்கும். பெட்டிக்குள் அந்தத் துளிக்கு எங்கே போகும்?

அதன் விரல்கள் இடுக்கி போன்றவை. கிளையைப் பற்றுவதற்கே அமைந்தவை. வால் இன்னொரு கை. தரையில் விட்டால் தடுமாறும்.

அதற்கு வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும். உயிருள்ள பூச்சியும் வேண்டும். உடலை விட நீளமான நாக்கை நீட்டி, கண் இமைக்கும் நேரத்தில் பூச்சியைப் பிடித்துவிடும். இரண்டு பச்சோந்திகளை ஒரே கூண்டில் அடைத்தால் சண்டைதான்!

மேல்நாடுகளில் ஏமன், மடகாஸ்கர் நாட்டு இனங்களை வளர்க்கிறார்கள். உயரமான வலைக் கூண்டு, வெயிலுக்குப் பதில் தனி விளக்கு, நீர்த்துளி தெளிக்கும் கருவி என்று எத்தனையோ செய்கிறார்கள். அப்படியும் பல செத்துப் போகின்றன.

நிறம் மாறுவது ஏன்?

ஒளிந்துகொள்ளத்தான் நிறம் மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் காரணம் அல்ல. வெயில், குளிர், பயம், கோபம் எல்லாமே அதன் நிறத்தை மாற்றும். கையில் பிடித்ததும் கறுத்துப் போனால், அது வித்தை காட்டவில்லை. பயந்து நடுங்குகிறது!

அதற்கு விஷம் கிடையாது. பயிரைத் தின்னும் வெட்டுக்கிளியை அது தின்னும். குடியானவருக்கு நண்பன். நிறம் மாறும் அரசியல்வாதிக்கு அதன் பெயரை வைத்தது மனிதன் செய்த தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. சத்தியமங்கலம் காடு 2013-ம் ஆண்டு புலிகள் காப்பகம் ஆனது. அங்கே காவல் புலிக்கு மட்டும் அல்ல.

சாலையில் பச்சோந்தி ஊர்ந்தால், வண்டி வராத நேரம் பார்த்துப் பெரியவர்கள் ஒரு குச்சியை நீட்டட்டும். அதுவே பற்றி ஏறும். அது போன திசையிலேயே செடியில் விட்டுவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் ஆசையை அதட்டி அடக்க வேண்டாம். காலையில் வேலி ஓரம் கூட்டிப் போய்த் தள்ளி நின்று காட்டுங்கள். ஒரு கண் முன்னாலும் மறு கண் பின்னாலும் பார்க்கும் அதிசயத்தை அங்கே காணலாம்.

வேலியில் போகிறதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவன் கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையில் அவதிப்பட்டவன் மனிதன். இங்கே உயிரை விடுவது பச்சோந்தி!