நீறு பூத்த நெருப்பு



தோட்டத்தை விட்டு வேலைக்கும் படிப்புக்கும் பட்டணம் போன நம் பிள்ளைகள், விடுமுறை வந்தால் மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல பழக்கந்தான். நம் தீபகற்பத்து மலைகளில் மழையும் வழுக்கலும் அட்டையுந்தான் தொல்லை. நீரிணையைத் தாண்டிச் சுமத்திராவுக்குப் போகிறவர்களோ இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே பல மலைகள் எரிமலைகள்!

மேற்குச் சுமத்திராவில் புக்கிட்திங்கி நகருக்கு அருகே உள்ளது மாராப்பி எரிமலை. ஜாவாவிலுள்ள மெராப்பி வேறு, இது வேறு. உயரம் சுமார் 2,890 மீட்டர். தங்கள் முன்னோர் இந்த மலைச்சாரலிலிருந்து வந்தவர்கள் என்பது மினாங்கபாவ் மக்களின் நம்பிக்கை. நம் நெகிரி செம்பிலான் மினாங்கபாவ் மக்களின் பூர்வீகமும் அந்த மேட்டு நிலந்தான். சாம்பல் உரமேறிய அடிவாரத்தில் காய்கறி செழித்து வளர்கிறது. மேலே கூடாரமடித்துத் தங்கிச் சூரிய உதயம் பார்ப்பது இளைஞர்களுக்குப் பெரிய ஆசை.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மலைமேல் 75 பேர் இருந்தார்கள். பிற்பகல் 2.54க்கு மாராப்பி வெடித்தது. சாம்பல் 3,000 மீட்டர் உயரத்துக்கு எழும்பியது. 24 பேர் மாண்டார்கள். அவர்களில் மாணவர்களும் உண்டு. மலை மீண்டும் மீண்டும் கக்கியதால், மீட்புப் படையினர் தேடுதலை இடையில் நிறுத்தவேண்டியதாயிற்று.

"எச்சரிக்கை இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நோர்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ் என நான்கு நிலைகள் உண்டு. மாராப்பி 2011 முதல் இரண்டாம் நிலையில், அதாவது 'வாஸ்பாடா'வில் இருந்தது. எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்று எரிமலைத் துறை சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் மலையேற அனுமதிச் சீட்டு கொடுத்து வந்தார்கள். சீட்டு கையில் இருந்தால் ஆபத்து இல்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அடுப்பில் உலைப்பானையைப் பாருங்கள். மூடி அசையாமல் இருக்கும். உள்ளே ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும். திடீரென்று மூடியைத் தள்ளும். எரிமலையும் சில வேளைகளில் அப்படித்தான். பெரிய நில அதிர்வு எதுவும் முன்கூட்டிக் காட்டாமலே வெடித்துவிடும். ஏறி இறங்கியவர்கள் "ஒன்றும் ஆகவில்லை" என்பது அன்றைய நாளுக்கு மட்டுமே சாட்சி.

வெடித்து ஓய்ந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. 2024 மே 11 இரவு பெய்த கனமழையில், மாராப்பிச் சரிவில் கிடந்த சாம்பலும் பாறையும் வெள்ளத்தோடு ஊர்களுக்குள் பாய்ந்தன. 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவர்களில் பலர் மலையேறப் போனவர்களல்லர்; ஆற்றோரத்தில் குடியிருந்தவர்கள்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பையைக் கட்டும்போது தடுக்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். அது எரிமலையா? இன்று எந்த நிலையில் இருக்கிறது? எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்? பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு புறப்படச் சொல்லுங்கள். தடை எல்லைக்குள்தான் பாதை போகிறதென்றால், அனுமதிச் சீட்டு இருந்தாலும் அடிவாரத்தோடு திரும்பட்டும்.

மலை அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும். பிள்ளை வீடு வந்து சேரவேண்டும்.