நான்தான் பாப்பா!

"பாப்பா எப்படி இருக்கு?"

இந்த ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் மூன்று மாதமாக நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள். அவர்கள் கேட்பது தூளியில் கிடக்கும் சின்னவனைப் பற்றி. பதில் சொல்வது கதவோரம் நிற்கும் பெரியவள்.

"நல்லாருக்கேன்."

சிரிப்பார்கள். அடுத்த கேள்வி என்னைப் பார்த்து வரும். "பாப்பா பால் குடிக்குதா?" "நான் டம்ளர்ல குடிப்பேன்" என்பாள் இவள். "ராத்திரி தூங்குதா பாப்பா?" "தூங்க மாட்டேன்." அதுவும் உண்மைதான்.

பெரியவள் என்கிறேனே தவிர, அவளுக்கு வயது இரண்டரை. பிறந்ததிலிருந்து அவளை வீட்டில், தெருவில், முக்கு மளிகைக் கடையில் எல்லாரும் கூப்பிட்டது பாப்பா என்றுதான். பிறப்புச் சான்றிதழிலும் அங்கன்வாடிப் பதிவேட்டிலும் இருக்கிற பெயரைச் சொன்னால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். தம்பி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிய பிள்ளையைக் காட்டி, "இங்க பாரு, பாப்பா!" என்றார் என் மாமியார். அவள் குழம்பிப்போய்த் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "நீ இனிமே அக்கா" என்று நாங்கள் ஆளாளுக்குச் சொன்னோம்.

அக்கா என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. அழக் கூடாது, தூக்கச் சொல்லக் கூடாது, கத்தக் கூடாது, கட்டிலில் ஏறக் கூடாது, ஏனென்றால் தம்பி தூங்குகிறான். அக்கா என்றால் இவ்வளவுதான் என்று அவளாகவே புரிந்துகொண்டாள்.

பிரசவத்துக்கு நான் போனது அம்மா வீட்டுக்கு, சின்னாளபட்டிக்கு. திண்டுக்கல்லில் இருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நிமிர்வதற்குள் வந்துவிடும் ஊர். சுங்குடிக்குப் பேர்போன இடம். துவைத்துத் துவைத்துப் பட்டுப்போல் ஆகிவிட்ட அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில்தான் சின்னவனுக்குத் தூளி. அவனைப் பால் கொடுக்க எடுத்த அடுத்த நிமிடம் பெரியவள் தூளிக்குள் ஏறிக்கொள்வாள். கால் இரண்டும் வெளியே தொங்கும். இறக்கப் போனால் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீல் என்று கத்துவாள். அம்மா சளைக்கவில்லை. தாழ்வாரத்தில் இன்னொரு சேலையை எடுத்து இன்னொரு தூளி கட்டிவிட்டார். ஆனால் அவளுக்கு வேண்டியது அந்தத் தூளி இல்லை, தம்பியின் தூளி. இரண்டு நாள் ஆடிவிட்டு இறங்கிவிட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. சொல்லிவிட்டுப் பாத்ரூம் போகப் பழகியிருந்தவள் மறுபடி நின்ற இடத்திலேயே போனாள். எனக்குப் பத்தியச் சாப்பாடு வரும்போது, பால்சுறா புட்டும் பூண்டுக் குழம்புமாக என் தட்டுக்கு வந்து உட்கார்வாள், இரண்டு வாய்க்குமேல் வாங்க மாட்டாள். தனியாக ஊட்டினால் துப்புவாள். மூன்று மாதம் முடிந்து திண்டுக்கல் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். எங்கள் தெருவில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. சின்னவனின் மூத்திரத்துணியே தண்ணீர் வரும் நாளுக்காகச் சேர்ந்து கிடக்கும். அதில் இவளும் நாளைக்கு ஐந்து பாவாடையை நனைத்தால்? அடித்துவிட்டேன். ஒரு தடவை அல்ல.

"ரெண்டையும் ஒண்ணா வளத்துப்புடலாம்" என்று இரண்டாவது பிள்ளைக்கு அவசரப்படுத்தியவர்கள் எங்கள் சொந்தத்தில் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு துணி அலசிக் கொடுத்ததில்லை, அது வேறு கதை. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு 18 மாதம்தான் இருந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை. சின்னவனுக்கு 14-வது வாரத் தடுப்பூசி. அங்கன்வாடிக்கு இரண்டு பேரையும் கூட்டிப் போயிருந்தேன். ஊசி போட்டதும் அவன் அழ, அவன் அழுவதைப் பார்த்து இவளும் அழ, ஒரே ரகளை. அது அடங்கியதும் டீச்சர், "பெரியவளையும் எடை போட்டுருவோம், ரொம்ப நாளாச்சு" என்றார். 10 கிலோ 800 கிராம். பதிவேட்டைப் புரட்டினார். நான் ஒன்பதாம் மாதம் அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன் போட்டது 11 கிலோ 400. வளர வேண்டிய வயதில் 600 கிராம் குறைந்திருந்தது.

"பச்சைப் பகுதியிலதான் இருக்கா, பயப்படாதீங்க. ஆனா கோடு கீழ இறங்குது பாருங்க" என்று வளர்ச்சி அட்டையில் விரல் வைத்துக் காட்டினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்பார் என எதிர்பார்த்துப் பட்டியலோடு தயாராக இருந்தேன். அவர் கேட்டது, "யார் ஊட்டுறது?"

யோசித்தேன். அப்பத்தா ஊட்டுவார், பக்கத்து வீட்டு அத்தை ஊட்டுவார், செல்போன் ஊட்டும். நான் ஊட்டி எவ்வளவு நாளாகிறது என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார், "சவலை பாஞ்சிருச்சு, வேற என்ன" என்றார். அடுத்த பிள்ளை வந்துவிட்டதால் தாய்ப்பாலை இழந்து மெலிகிற மூத்த பிள்ளைக்குத்தான் சவலைப் பிள்ளை என்று பெயர். பழைய ஆட்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல். நான் இரண்டாவது உண்டானது தெரிந்ததும், கர்ப்பப் பால் குடித்தால் சவலையாகிவிடும் என்று வேப்பெண்ணெய் தடவி என் மகளுக்குப் பாலை நிறுத்தச் சொன்னதும் இதே மாமியார்தான். நிறுத்தினேன். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் உடனே நிறுத்தியாக வேண்டிய கட்டாயம் இல்லை, தாய் கூடுதலாகச் சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொன்னது அப்புறம்தான். அதற்குள் வேப்பெண்ணெய் தன் வேலையை முடித்திருந்தது.

மாமனார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சவலை என்ற சொல் காதில் விழுந்ததும் வகுப்பைத் தொடங்கிவிட்டார். சவலை வெண்பா என்று ஒன்று உண்டாம். நேரிசை வெண்பா போலவே இருக்கும், ஆனால் இரண்டாம் அடியில் வர வேண்டிய தனிச்சொல் இருக்காது, அடி குறைந்து நிற்கும். பால் குறைந்த பிள்ளைபோலச் சொல் குறைந்த பாட்டு. "இவளுக்கும் இருந்த தனிச்சொல்லைத்தானே புடுங்கிட்டீங்க, பாப்பான்னு" என்றார். நான் பதில் பேசவில்லை.

ராத்திரி சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே செல்போனில் படித்தேன். சிசிலி வில்லியம்ஸ் என்று ஒரு டாக்டர். ஜமைக்காவில் பிறந்தவர், மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில் வேலை பார்த்தவர். கால் வீங்கி, முடி நிறம் மாறி, வாடிப்போன சிறு பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள். பெரும்பாலும் அடுத்த பிள்ளை பிறந்ததால் பால் மறக்கடிக்கப்பட்டு மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்தவர்கள். அங்குள்ள தாய்மார்களின் கா மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு, அந்தப் பெயரையே 1935-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். குவாஷியார்க்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் இடத்தைவிட்டு இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று அர்த்தம். கடல் தாண்டி இருக்கிற தாய்மாரும் நம் பாட்டிமாரும் ஒரே விஷயத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு அந்த நோய் ஒன்றும் இல்லை. ஆனால் இடத்தைவிட்டு இறக்கப்பட்டவள் என்பது அவளுக்கும் பொருந்தும்.

அன்றைக்குத் தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று புரிந்தது. எனக்கு உதவிக்கு வந்த அத்தனை பேரும் சொன்னது ஒரே வாக்கியம். "நீ சின்னவனப் பாரு, பெரியவள நாங்க பாத்துக்கிறோம்." நல்ல மனசோடுதான் சொன்னார்கள். கடைக்குக் கூட்டிப் போனார்கள், அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள், அபிராமி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். எங்கே போனாலும் அவள் என்னைவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்து பார்த்தால் என் மடியில் அவன் இருந்தான். மூன்றரை மாதப் பிள்ளைக்கு என்னிடம் மட்டுமே கிடைப்பது பால். ஏப்பம் எடுக்க, துணி மாற்ற, தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்க யாருடைய கையாக இருந்தாலும் அவனுக்குச் சம்மதம்தான். இரண்டரை வயதுக்காரிக்குத்தான் நான் வேண்டும்.

மறுநாள் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டேன். "சின்னவன நீங்க வச்சுக்கங்க, பெரியவள நான் பாத்துக்கிறேன்." பச்சப்புள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கலாமா என்று மாமியாருக்கு மனசே இல்லை. அரை மணி நேரம்தான் அத்தை, பால் குடிச்சிட்டான், நீங்கதான் நல்லாத் தூங்க வைப்பீங்க என்று தாஜா பண்ண வேண்டியிருந்தது. காலையில் அவள் அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி, சாயங்காலம் அப்பத்தா அரை மணி. அந்த நேரத்தில் நானும் அவளும் மொட்டை மாடியில்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும். திண்டு மாதிரி இருக்கிற கல் என்பதால்தான் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தம்பி வருவதற்கு முன்பு அதைக் காட்டித்தான் அவளுக்குச் சோறு. அது தலைகாணி, ராத்திரி வானம் வந்து அதில் தலை வைத்துத் தூங்கும், அதற்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். நானே மறந்துபோன அந்தக் கதையை அவள் மறக்கவில்லை. முதல் நாள் மாடி ஏறியதுமே கையை நீட்டி, "தலைகாணிக்கு முதல்ல" என்றாள்.

சாப்பாட்டில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. டீச்சர் சொன்னபடி மூன்று வேளை என்பதை ஐந்து ஆறு சின்ன வேளையாக்கினேன். சத்துமாவில் நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து உருண்டை, ஒரு முட்டை, பருப்புச் சோற்றில் கூடுதலாக ஒரு கரண்டி எண்ணெய். நிலக்கடலையை மட்டும் பொடித்துத்தான் கொடுக்கச் சொன்னார், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கிவிடும் வயது. பாவாடை நனைவது உடனே நிற்கவில்லை. நாளைக்கு ஐந்து என்பது இரண்டாகியிருக்கிறது. நான் கை ஓங்குவதை நிறுத்தியிருக்கிறேன் என்று எழுத ஆசை. குறைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். சின்னவன் உள்ரூமில் தூளியில் தூங்குகிறான். கொடியில் துணி எடுக்க நான் பின்னால் போன நேரம், டொக் என்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் உள்ரூம் கதவு சாத்தியிருக்கிறது. பழைய காலத்துக் கதவு, கீழேயும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. உள்ளே பெரியவள்.

பக்கவாட்டுச் சந்தில் ஓடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். மெதுவாகத்தான் ஆட்டுகிறாள். ஆனால் தூளிக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே இரண்டு அடி இடைவெளிதான். கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் போதும். என் குரலே எழும்பவில்லை. மாமியார் கதவைத் தட்டிக்கொண்டு, "அக்கா, கதவத் தொற கண்ணு! அக்கா நல்ல புள்ளைல்ல!" என்கிறார். அவள் காதிலேயே வாங்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பூட்டுப் பட்டறைக்காரர், எந்தப் பூட்டையும் திறப்பவர். கையில் திருப்புளியோடு ஓடி வந்தார். புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊரில் இருந்து என்ன பிரயோஜனம், உள்தாழ்ப்பாளுக்குச் சாவித் துவாரம் ஏது? "கதவ ஒடைக்க வேண்டியதுதான் தங்கச்சி" என்றார். உடைத்தால் கதவு உள்பக்கமாக, அவள்மேல் விழும்.

மாமனார் என்னை நகரச் சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் போடாமல், தினமும் சாயங்காலம் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

"பாப்பா."

"என்ன தாத்தா?"

"தாத்தா உள்ள வரணும். அந்தக் கம்பிய இங்கிட்டு இழு பாப்போம்."

தூளியை விட்டாள். கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையால் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைக் கதவில் முட்டுக் கொடுத்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் வந்துவிட்டது. சின்னவன் கண்கூடத் திறக்கவில்லை. நான்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். என் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "பாப்பா தொறந்துருச்சு."

அன்று சாயங்காலமே அண்ணன் அந்தக் கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார், கூலி வாங்கவில்லை. வீட்டில் இப்போது அவள்தான் பாப்பா, அவன் தம்பி. 'பெரிய பாப்பா' என்று கூப்பிட்டுப் பார்த்தோம், 'பெரிய' வேண்டாம் என்றுவிட்டாள். பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன், "தம்பி எப்படி இருக்கான்னு கேளுங்க, அதையும் பாப்பாகிட்டக் கேளுங்க" என்று. கேட்டால் கையைப் பிடித்துத் தூளிவரை கூட்டிப் போய்க் காட்டுகிறாள். போன வாரம் எடை போட்டோம். 11 கிலோ 100.