பகைவனுக்கு உண்டு, நம்மவனுக்கு இல்லையா?

மாதேஸ்வரன் மலைக்குப் பேருந்து ஏறும் நம் பகுதி மக்கள் மேட்டூர், கொளத்தூர் கடந்து பாலாற்றைத் தாண்டிச் செல்கின்றனர். அந்தப் பாலாற்றருகேதான் 1993 ஏப்ரல் 9ஆம் நாள் வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். பின்னர் தமிழக, கர்நாடக அதிரடிப் படைகளின் தேடுதல் வேட்டை ஒரு போராகவே நடந்தது. அதில் மலைச் சிற்றூர் மக்கள் விசாரணை என்ற பெயரால் வதைக்கப்பட்டதாக எழுந்த புகார்களை ஆராய, தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கவும் ஆணையம் பரிந்துரைத்தது.

“அடித்துக் கேட்டால்தானே உண்மை வரும்? நூறு உயிரைக் காக்க ஒருவனை வதைத்தால் என்ன?” என்று படித்தவர்களே கேட்கின்றனர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. மாண்ட காவலர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு.

ஆயினும் ஒன்றைச் சிந்திப்போம். ஒருவனுக்கு உண்மை தெரியுமா, தெரியாதா என்பது அடிப்பவனுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒன்றும் அறியாதவனும் அடிபடுகிறான். அவனே அதிகம் அடிபடுகிறான், சொல்ல அவனிடம் ஏதும் இல்லாமையால். ஆய்வகத்தில் தராசுத் தட்டை விரலால் அழுத்தி எடை பார்த்தால், முள் காட்டுவது பொருளின் எடையையா? வலி பொறுக்காதவன் கூறுவதும் கேட்பவன் விரும்பிய விடையே. காவலரிடம் அளித்த ஒப்புதலைக் குற்றத்திற்குச் சான்றாக ஏற்கலாகாது என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே விதித்தது இதனாலன்றோ!

வீரப்பன் கதை முடிந்ததும் வதையால் அன்று. காவலர்கள் உளவறிந்து, சூழ்ச்சியால் ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றிவந்து, 2004 அக்டோபர் 18இல் பாப்பாரப்பட்டியருகே அவனைச் சுட்டு வீழ்த்தினர்.

போரில் பிடிபட்ட பகைநாட்டு வீரன் தன் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் இவற்றைக் கூறினால் போதும். மேலும் கேட்டு வதைக்கலாகாது என்கிறது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை. அந்நியப் படைவீரனுக்குக் கிட்டும் இக்காப்பு, நம் காட்டில் ஆடு மேய்க்கும் குடிமகனுக்கு வேண்டாமா? வதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்ட நம் நாடு, அதை இன்னும் உறுதி செய்யவில்லை.

குடிகள் அஞ்சும் செயலை அரசன் செய்யலாகாது என்பதற்காக வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ எனத் தனி அதிகாரமே வகுத்தார். நாளை நம்முள் சிலர் காக்கி உடை அணிவோம். சிலர் வழக்கறிஞர் ஆவோம். “அடித்துக் கேள்” என்று சொல்ல நா எழும்போது, அந்த 89 பேரை நினைவிற் கொள்வோமாக!