அழித்துவிட்டு மறுபடி போடலாமா?

போன மாதம் என் செல்போனில் டெர்மக்ஸ் மக்கர் செய்தது. ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்க உதவும் செயலி அது. சென்னையில் இருக்கும் பேரனைக் கூப்பிட்டேன். "தாத்தா, அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க, சரியாயிடும்" என்றான்.

இந்த யோசனையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அப்பா சைகோனிலிருந்து பெரியப்பாவுக்குப் பிரெஞ்சில் எழுதிய 46 கடிதங்களை இரண்டு வருடமாகத் தமிழில் பெயர்த்து அந்தச் செயலிக்குள்தான் வைத்திருந்தேன். வேறு எங்கும் பிரதி இல்லை. டெர்மக்ஸை நீக்கினால் அதன் ஹோம் கோப்புறையும் சேர்ந்து போய்விடும். இது பேரனுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அழிக்கப் பொத்தானில் விரல் வைத்தும் விட்டேன்.

என்னைத் தடுத்தது பழைய ஆபீஸ் பழக்கம். கருவூலம் ஒரு பில்லைத் திருப்பி அனுப்பினால் கூடவே ஆட்சேபணைச் சீட்டு இருக்கும். எந்த குமாஸ்தாவும் பில்லைக் கிழித்துப் போடமாட்டான். முதலில் சீட்டைப் படிப்பான்.

நானும் படித்தேன். பிரெஞ்சில் படித்த எனக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி, எழுத்துக் கூட்டித்தான் வரும். அதுவே நல்லதாயிற்று. "பர்மிஷன் டினைட்" என்று இருந்தது. கோப்பு இல்லை என்றோ செயலி கெட்டுவிட்டது என்றோ சொல்லவில்லை. அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

கடிதங்களைத் தேதிவாரியாக ஒன்றாகச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை டவுன்லோட் கோப்புறையில் வைத்து ஓட்டியிருந்தேன். போட்டோ, பாட்டு எல்லாம் இருக்கும் அந்தப் பொதுச் சேமிப்பில் எந்த நிரலையும் நேரடியாக ஓட்ட ஆண்ட்ராய்டு விடாது. சிஎச்மாட் கட்டளை கொடுத்தாலும் மாறாது. ஸ்கிரிப்டை டெர்மக்ஸின் ஹோமுக்கு நகலெடுத்து, அங்கே சிஎச்மாட் கொடுத்தேன். ஓடியது. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

அழித்துப் போட்டிருந்தால்? கடிதங்கள் போயிருக்கும், அதே ஆட்சேபணை மறுபடியும் வந்திருக்கும். கோளாறு செயலியில் இல்லையே!

இன்னொன்றும் சொல்கிறேன். நீண்ட வேலை நடுவில் நின்று, "சிக்னல் 9" என்று சிலருக்கு வரும். 9 என்றால் வெளியிலிருந்து யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அந்த யாரோ ஆண்ட்ராய்டுதான். 12-ஆம் பதிப்பு முதல், செயலிகள் பின்னணியில் தொடங்கும் துணை வேலைகள் எல்லாம் சேர்ந்து 32-ஐத் தாண்டினால் அது வெட்டிவிடும். இதற்கும் மறுபடி போடுவது மருந்தல்ல.

அழித்துப் போடுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. செயலியே உண்மையில் பழுதானால் வேறு வழி இருக்காது. ஆனால் அது கடைசிப் படி. முதல் படி செய்தியைப் படிப்பது. இரண்டாவது, ஹோமை டார் கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டி டவுன்லோடில் வைப்பது. செயலி போனாலும் அந்த மூட்டை அங்கே இருக்கும்.

இப்போது ஞாயிறு தோறும் மூட்டை கட்டுகிறேன். ஒரு பிரதி பேரனுக்கும் போகிறது. கொள்ளுத்தாத்தாவின் கடிதங்களில் மூன்றைப் படித்துவிட்டானாம்.